மயில்வாகனத்தின் இடது கை

"ம்ம்ம்ம்ம்..."

உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. செம்புக்குள் விழுந்த வண்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது, நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பியது.

"இதுவா?"

"இல்லண்ணா. அது இன்னும் கீழ இருந்து வரும்."

"கீழன்னா எப்படிப்பா? பல்லு வலிக்காரன் மொனவுற மாதிரியா? இல்ல, டிரைவரு இன்ஜின ஆப் பண்ணாம டீ குடிக்கப் போனா பஸ்ஸு நின்னுக்கினு இருக்குமே, அந்த மாதிரியா?"

"பஸ்ஸு மாதிரிண்ணா."

"அப்ப நீயே பண்ணிக் காட்டு. கச்சேரி பண்றவன்தானே?"

இப்போது இளமையான தொண்டை ஒன்று "ம்ம்ம்" என்று ஆரம்பித்தது. மயில்வாகனம் நோய் விசாரிக்கிறார் என்று அர்த்தம்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ரேடியோ, கல்யாண மைக்செட், கிராமபோன், எது பழுதாகி வந்தாலும் அது என்ன சத்தம் போடுகிறது என்று சொந்தக்காரர் வாயால் செய்துகாட்ட வேண்டும். அதற்கு முன் மயில்வாகனம் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், மோதிரம் போட்ட விரல்களால் முகத்தை மறைத்துக்கொண்டு, அந்த அறையில் நாய்க்குட்டி மாதிரி ஊளையிட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவர் வீட்டு ரேடியோ அப்படித்தான் ஊளையிட்டதாம். "இன்னும் கொஞ்சம் உருக்கமா பண்ணுங்க மொதலாளி, புரியல" என்று மயில்வாகனம் அவரை மறுபடி ஊளையிட வைத்தார்.

ஆள் கறுத்து மெலிந்தவர். கண்ணாடியின் ஒரு காம்பு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. வலது கை எப்போதும் வேலையில் இருக்கும். இடது கையைத்தான் பார்க்க முடியாது; அது முதுகுப் பக்கம் வேட்டி மடிப்பில் செருகப்பட்டிருக்கும். வால்வுப் பெட்டிக்குள் இருக்கிற கரண்டு பொல்லாதது என்பார். "ஒரு கைய குடுத்தா சும்மா விசாரிச்சிக்கினு போயிடும் சார். ரெண்டு கையும் குடுத்தா நெஞ்சு வழியா வந்து சம்பந்தம் பேசிடும்."

தொழிலுக்காக வந்த இந்தப் பழக்கம் மெல்ல மெல்ல ஆளையே பிடித்துக்கொண்டது. சட்டைப் பொத்தானை ஒரே கையால் போடுவார். வாழைப்பழத்தைப் பல்லின் உதவியோடு உரிப்பார். பெரியவர்களைக் கண்டால் வலது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோவார். ஒரு நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை ஒற்றைக் கையால் வாங்கப் போய், மாப்பிள்ளையின் மாமன் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துவிட்டார். மயில்வாகனத்தின் மனைவி கிருஷ்ணவேணிக்கு இதில் பெரிய மனக்குறை. "தாலி கட்டுறப்ப ரெண்டு கையும் வந்துச்சி. அதுக்கப்புறம் அந்தக் கைய நான் பாக்கவே இல்ல."

அவரிடம் இன்னும் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. தன் வேலையில் குற்றம் என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. குற்றம் மழையில் இருக்கும், கரண்டுக் கம்பத்தில் இருக்கும், பெட்டியைச் சுமந்து வந்த ரிக்‌ஷாவின் சக்கரத்தில் இருக்கும். "போன தடவ இத தொட்டவன் யாருப்பா?" என்று சீறுவார். "நீங்கதாண்ணா" என்று பதில் வந்தால், "அப்ப எலி பூந்திருக்கும்" என்பார்.

மற்றொன்று, யார் வீட்டுக்கும் போய் ரிப்பேர் பார்ப்பதில்லை. "சாமியப் பாக்கணும்னா கோயிலுக்குத்தான் போவணும். கோயிலு எழுந்து வருமா?" கிருஷ்ணவேணி விடமாட்டாள். "ஏகாம்பரநாதரே பங்குனியில வீதிக்கு வராரு. உங்களுக்கு இன்னா வந்துச்சி?"

அன்று உள்ளே உறுமிக்காட்டிக்கொண்டிருந்தவன் ராஜவேலு. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வான். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு கிடார் வாசிப்பான். அந்த கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற வால்வுப் பெட்டி மயில்வாகனமே பலகை அறுத்து, திருகு முடுக்கிச் செய்துகொடுத்தது. அதன் வாய்க்கு மயில்கழுத்து நிறப் பட்டுத்துணி கட்டியிருந்தார். பிள்ளை இல்லாத மனிதர். தெருவில் கச்சேரி நடந்தால் கூட்டத்தில் பின்னால் நின்று, பாட்டைக் கேட்காமல் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெட்டிதான் மாசி பிறந்ததிலிருந்து உறுமியது. வாசித்தாலும் உறுமல், வாசிக்காவிட்டாலும் உறுமல். குழுத் தலைவர் கைலாசம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த முகூர்த்தத்துலயும் பொட்டி உறுமுச்சுன்னா அரக்கோணத்துலருந்து மாண்டலின்காரன் வந்து குந்திக்குவான். நீ தறியிலயே குந்திக்கோ."

ராஜவேலு உறுமிக் காட்டியதைக் கேட்டு மயில்வாகனம் தீர்ப்புச் சொன்னார். உறுமலில் இரண்டு ஜாதி. மேல் உறுமல் என்றால் நோய் பெட்டிக்குள் இருக்கிறது, கண்டன்சர் செத்திருக்கும். அடி உறுமல் என்றால் வெளியிலிருந்து வீட்டுக் கரண்டு ஒட்டுக் கேட்கிறது. "நீ பண்ணது மேல் உறுமல். கண்டன்சர்!" என்றார். ஒற்றைக் கையாலேயே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, தன் ஒயரைச் செருகி, கிராமபோன் தட்டை வைத்துப் பாடவிட்டார். பாட்டு நின்ற இடங்களில் உறுமலே இல்லை. வால்வுகள் குத்துவிளக்குச் சுடர் மாதிரி அமைதியாக எரிந்தன.

ராஜவேலு பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மறுநாள் அதே சைக்கிளில் அதே கயிற்றோடு வந்து நின்றான். "வூட்டுல உறுமுதுண்ணா."

வால்வுகளை மாற்றினார். இங்கே அமைதி, அங்கே உறுமல். அவன் வீட்டுக் கொல்லையில் இரும்புக் குழாய் ஒன்றைப் புதைத்து எர்த்து கொடுக்கச் சொன்னார். குழாயடி காயாமல் உப்புத்தண்ணீர் ஊற்றவும் சொன்னார். ராஜவேலுவின் அம்மா செல்லியம்மாள் தினமும் குளித்துவிட்டு, துளசிக்கு ஊற்றுகிற பக்தியோடு அந்தக் குழாய்க்கு ஊற்றினாள். குழாய் நன்றாகத்தான் இருந்தது. உறுமலும் நன்றாக இருந்தது.

செல்லியம்மாள் நேரில் வந்து கேட்டபோதுதான் மயில்வாகனம் வழக்கமான பெருமையில் அந்த வார்த்தையை விட்டார்.

"எங்க வித்தையில ஒரே கணக்குதான்கா. ஒண்ணு ஒண்ணா கழட்டிப் பாக்கணும். எத கழட்டினா உறுமல் நிக்குதோ, அதான் குத்தவாளி. இதுல பாசம், பரிதாபம் எதுவும் கூடாது."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மகனோடு மறுபடி வந்தாள். நானும் அப்போது என் ரேடியோவுக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, நானும் கழட்டிப் பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"எதக்கா?"

"மருமவள."

மயில்வாகனத்தின் கையில் இருந்த திருப்புளி மேஜையில் விழுந்தது.

"இங்க உறுமல, எங்க வூட்டுலதான் உறுமுது. எங்க வூட்டுல இன்னா புதுசு? தையில அவ வந்தா. மாசியில உறுமல் வந்துச்சி. நாளைக்குக் காலைல பஸ்ஸுல ஐயம்பேட்டைக்கு அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பறேன். அப்புறமும் உறுமிச்சின்னா கூட்டிக்கினு வரேன். நின்னுட்டா அங்கயே இருக்கட்டும். எல்லாம் நீங்க சொன்ன கணக்குதான் தம்பி."

"யக்கா, நான் சொன்னது வால்வுக்கு!"

"குடும்பத்துக்கும் அதே கணக்குதான்."

ராஜவேலு கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "டேய், வாயத் தொறந்து சொல்லேன்டா" என்று மயில்வாகனம் அதட்டினார். அவன் அம்மாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

மயில்வாகனம் எழுந்தார். மீட்டரை வலது கையில் எடுத்துக்கொண்டார். "சார், அந்த பத்தவைக்கிற கோல நீங்க எடுத்துக்கினு வாங்க. டேய், நீ பொட்டியத் தூக்கு" என்று வாசலில் இறங்கினார். அடுக்களையிலிருந்து கிருஷ்ணவேணி எட்டிப் பார்த்தாள். "பார்றா, கோயிலு கெளம்பிடுச்சி!"

ராஜவேலுவின் வீட்டுக் கூடம் முழுதும் தறி. மூலையில் ஒரு தகரப் பெட்டி, துணி அடுக்கி, கயிறு கட்டித் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் அவன் மனைவி வடிவு ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்துத் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. கண்கள் மட்டும் அழுது அழுது சிவந்திருந்தன. பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணின் முகமா அது? திருப்பி அனுப்பப்படுகிற பெண்ணின் முகம்!

கிடாரை மாட்டி, சுவிட்சைப் போட்டான் ராஜவேலு. வால்வுகள் சூடேறின. பிறகு கூடமே உறுமியது. தறியில் தொங்கிய கயிறுகள் அதிர்ந்தன. செல்லியம்மாள் பெருமையோடு எல்லாரையும் பார்த்தாள், தன் வீட்டு உறுமல் என்று.

மயில்வாகனம் கண்ணை மூடிக்கொண்டு வாயைக் குவித்தார். "ம்ம்ம்..." எட்டவில்லை. தாடையைக் கழுத்தில் புதைத்துக்கொண்டு இன்னும் கீழே போனார். வெறும் காற்றுதான் வந்தது. சட்டென்று கண் திறந்தார்.

"டேய், நீ பண்ணிக் காட்டினது இது இல்லியேடா! இது அடி உறுமல்!"

"அவ்ளோ கீழ என் தொண்டை போவாதுண்ணா. அதான் ஒரு ஸ்தாயி மேல எடுத்துப் பண்ணேன். சொரம் ஒண்ணுதானே?"

"அடப்பாவி! முட்டி வலிக்குதுன்னா முட்டியக் காட்டணும். குனிய முடியலன்னு தோளக் காட்டினியா?"

வலது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடி உறுமல் என்றால் வெளியிலிருந்து நுழைகிறது. எங்கே? பெட்டியிலிருந்து கிடாருக்குப் போகிற ஒயரைக் குனிந்து தேடினார். அது ஒயர் மாதிரியே இல்லை. அரக்குச் சிவப்புப் பட்டு நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் பச்சைக் குஞ்சம் வைத்து, மணப்பெண்ணின் சடை மாதிரி தரையில் நெளிந்து கிடந்தது. அதைத் தூக்கினார், உறுமல் ஏறியது. கைக்குள் பொத்தினார், உறுமல் தணிந்தது.

"இது எங்கருந்துடா வந்துச்சி? என்னாண்ட ஒரு தடவகூட எடுத்துக்கினு வரலியே?"

"அழுக்காயிடும்னு வூட்டுலயே வச்சிருந்தேண்ணா" என்றான் ராஜவேலு வெட்கத்தோடு. "வடிவு பண்ணது. பழைய ஒயரு ரப்பரெல்லாம் வெடிச்சிப் போச்சி..."

"உள்ள செம்புல ஒரு வலை இருந்திருக்குமேம்மா?"

ராட்டைப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது. "அது பிஞ்சி பிஞ்சி அவரு கையில குத்திக்கினே இருந்துச்சிங்க மாமா. ரத்தம்கூட வந்துச்சி. அதெல்லாம் உருவி எடுத்துட்டு ஒரே ஒரு புரிய மட்டும் வுட்டேன். அறுந்த எடத்துல பாவு நூல இணைக்கிற மாதிரி முறுக்கி வுட்டு, மேல பட்டு சுத்..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். ஒயர் அவர் கைக்குள் போனபோது உறுமல் தணிந்ததை அவளும் கேட்டிருந்தாள்.

எனக்கே விளங்கிவிட்டது. அந்தச் செம்பு வலைதான் வேலி. வேலியைப் பிடுங்கியதும் வீட்டுக் கரண்டெல்லாம் கிடாருக்குள் புகுந்துகொண்டது. கணவனின் விரலில் முள் குத்தக்கூடாது என்று நினைத்த பேதை, அவன் பிழைப்பையே குத்திவிட்டிருக்கிறாள். மாமியார் சொன்ன பழி, விதியின் விளையாட்டைப் போல, அப்படியே உண்மை! உறுமல் மருமகளோடுதான் வந்திருக்கிறது.

"இன்னா தம்பி, ஆப்டதா?" செல்லியம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "எது குத்தவாளி?"

மழையையும் கம்பத்தையும் எலியையும் கைகாட்டிப் பழகிய மனிதர். இந்த முறை கையை நீட்டினால் போதும். அது உண்மையாகவும் இருக்கும். வடிவின் விரல்கள் ராட்டைக் கைப்பிடியில் அசையாமல் நின்றன. மயில்வாகனம் தகரப் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"குத்தம் என்னுதுக்கா."

சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைக் காட்டினார்.

"பொட்டிக்குள்ள எர்த்து ஒயர நான் சரியா பத்த வைக்கல."

செல்லியம்மாள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... நான் தெனம் குழாய்க்கு உப்புத்தண்ணி ஊத்தினது?"

"அது... பூமிக்கு நல்லதுதான்கா."

"அக்காவாம் அக்கா! யோவ் ரேடியோகாரரே, கைவேலையில குத்தத்த வச்சிக்கினு, என் மருமவளக் கழட்டிப் பாக்கச் சொன்னீரே, நீர் நல்லாருப்பீரா?"

"நான் எங்க..."

"வாய மூடும்! புதுப் பொண்ணு, மூணு வேளையும் அழுதுக்கினு இருக்கறா!"

மயில்வாகனம் வாயை மூடிக்கொண்டார். பெட்டியின் முதுகைத் திறந்து, பற்றவைக்கிற கோலை என்னிடமிருந்து வாங்கி, உள்ளே எங்கோ தொட்டுத் தொட்டு எடுத்தார். அந்தக் கோலுக்குக் கரண்டே கொடுக்கவில்லை என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இன்னும் ஒரு வேல பாக்கி. இந்த ஒயரு மேல ஜரிகை சுத்தணும். அசல் ஜரிகை. நடுவுல சந்து தெரியாம நெருக்கமா சுத்தணும்."

"ஜரிகையா? எதுக்கு?"

"கல்யாண வூட்டுக்குப் போற பொட்டி. திருஷ்டி பட்டுரும். பட்டு சுத்தின கைதான் ஜரிகையும் சுத்தணும், வேற கை பட்டா உதவாது. ஆனா இன்னா பண்றது, அந்தப் பொண்ணு நாளைக்குக் காலைல பஸ்ஸுல..."

"யாரு பஸ்ஸுல போறது?" என்றாள் செல்லியம்மாள். "ஏண்டி, மரம் மாதிரி குந்திக்கினு இருக்கறியே! உன் தகரப் பொட்டியப் பிரிச்சி வச்சிட்டு, சேலையில புட்டா போட்டு மீந்த ஜரிகையெல்லாம் எடுத்தா!"

எங்கள் ஊர்ச் சேலைக்கரையில் மின்னுகிற ஜரிகை சாதாரண நூலா? பட்டிழை மேல் வெள்ளித் தகட்டை இழைத்துச் சுற்றியது. போன செம்பு வேலிக்கு இது வெள்ளி வேலி. வடிவு ராட்டை சுற்றிய கையால் அதைச் சிவப்புப் பட்டின் மேல் வரிவரியாகச் சுற்றினாள். இரண்டு முனையையும் செருகியின் உலோகத்தோடு மயில்வாகனம் மெல்லிய கம்பியால் கட்டினார். கட்டுவதற்கு இன்னொரு கை தேவைப்பட்டது. முதுகிலிருந்து அது வரவில்லை. வடிவுதான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடாம புடிம்மா. தறிக்காரப் பொண்ணுதானே?" என்றார்.

சுவிட்சைப் போட்டார்கள். வால்வுகள் சிவந்தன. காத்திருந்தோம். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் மட்டும் கேட்டது. ராஜவேலு பயந்து பயந்து ஒரே ஒரு தந்தியை மீட்டினான். அது கழுவி வைத்த வெள்ளிக் கிண்ணத்தைத் தட்டினதுபோல் ஒலித்து அடங்கியது. வடிவு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் அழுதாளா, சிரித்தாளா என்று அந்த ஜரிகைக்குத்தான் தெரியும்.

முகூர்த்தக் கச்சேரியில் மாண்டலின்காரன் வரவில்லை. கைலாசம் ராஜவேலுவை முன்வரிசையில் உட்கார வைத்தார். தங்கமாக மின்னிய அந்த ஒயரைப் பார்த்துவிட்டு, பெண்கள் சிலர் அது எந்தக் கடை என்று விசாரித்தார்களாம்.

மயில்வாகனத்தின் நிலைமைதான் பரிதாபம். செல்லியம்மாள் தண்ணீர்க் குழாயடியிலும், ஏகாம்பரநாதர் சன்னதியிலும், பாவு நூல் நீட்டுகிற தெருவிலும் சொல்லிவிட்டாள். ரேடியோ கொண்டுவருகிறவர்கள் இப்போது சத்தத்தை உறுமிக் காட்டிவிட்டு, "எர்த்து ஒயர சரியா பத்த வச்சிடுங்கண்ணா" என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். குற்றம் எலி மேல் என்று சொல்ல வாய் துடிக்கிறது, சொல்வதில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். "அந்த அக்கா சினிமா நோட்டீசு தவிர எதையும் படிக்காது, எழுதுங்க சார். ரேடியோ ரிப்பேருக்காரனுங்க எவனும் படிக்காம மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

நேற்று மாலை அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. செல்லியம்மாள். பின்னால் தாம்பூலத் தட்டோடு வடிவு. வெற்றிலை, வாழைப்பழம், கல்யாண வீட்டு மைசூர்பாகு.

"எனக்கு இஷ்டமே இல்ல" என்றாள் செல்லியம்மாள் வாசலிலிருந்தே. "மருமவ குடுத்தே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. இனிமேலாவது கண்ணத் தொறந்து பத்த வையும். எங்க வூட்டு ரேடியோவ மட்டும் உம்மாண்ட குடுக்க மாட்டேன், ஆமா."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். வடிவு நகரவில்லை. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"மாமா... அந்த எர்த்து ஒயரு..."

"சரியா பத்த வச்சிட்டேன்மா" என்றார் மயில்வாகனம் அவசரமாக. "இனிமே ஒண்ணும் ஆவாது."

"வடிவு! அந்த ஆளாண்ட இன்னும் இன்னாடி பேச்சு?" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

வழக்கம்போல் அவருடைய வலது கை தட்டை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, வேட்டி மடிப்பை விடுவித்துக்கொண்டு, வெயில் படாத இடது கை மெல்ல வெளியே வந்தது. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். வடிவு தலை குனிந்துவிட்டு, மாமியாரின் பின்னால் ஓடினாள்.

இருவரும் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், கை இரண்டும் தட்டில் இருந்ததால், காலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.